பலகைக் குளியலறையில் ஒரு சோதனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், இப்போது எங்களோடு இருக்கும் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

சித்தப்பா குளியலறையில் இறந்த விவகாரம் இந்த வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அந்த கேஸ் ஹீட்டரைப் பற்றிச் சித்தி புகார் கொடுத்தபோது எரிவாயுத் துறை கம்பெனியைக் கைகாட்டியது, வணிகத் துறை குளியலறை ஜன்னலைக் கைகாட்டியது, கம்பெனி செத்தவரையே கைகாட்டியது. இப்போது அரசாங்கம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. தானே சோதித்துக் குறையைக் கண்டுபிடித்தால் அந்தப் பொருளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. பழைய தபால் நிலையத்தின் மாடிதான் அலுவலகம். அதிகாரம் வந்துடுச்சு, நாற்காலிதான் இன்னும் வரலைன்னு அப்பாவின் கிண்டல். ஆனால் அங்குள்ள பொறியாளர் அம்மாள் கெட்டிக்காரி. சித்தி வீட்டுக் குளியலறையை வந்து அளந்துகொண்டு போய், அதே அளவில் பலகையால் ஓர் அறை கட்டி, அதே ஹீட்டரை மாட்டியிருந்தார். ஆள் நிற்கும் இடத்தில் விஷவாயுவை அளக்கும் கருவி.

சோதனையைப் பார்க்க நீ வராதே என்று சித்தியிடம் சொன்னேன், கேட்கவில்லை. அவளை அரித்தது வேறு. அன்றைக்கு வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்ட பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற வைத்தாள். ஒரு சட்டையில் பாதி தேய்த்தபோது சித்தப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். இதோ வரேங்க என்று சொல்லிவிட்டு மீதிச் சட்டையையும் தேய்த்து முடித்துத்தான் போனாள். உடனே போயிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பாரா, அது தெரிய வேண்டும் அவளுக்கு.

பலகை அறையைப் பார்த்து அவள் அழவில்லை. உள்ளே போய், கொடியை இன்னும் இறக்கிக் கட்டுங்க, அவர் துண்டு போட்டா பாதி ஜன்னல் மறைஞ்சிடும் என்றாள். சோதனைக்கு வந்திருந்த ஹீட்டர் கம்பெனி ஆள், பழி துண்டின் மேல் போய்விடும் என்று முகம் மலர்ந்து அதைக் குறித்துக்கொண்டான். அப்படியே கட்டி, துண்டைப் போட்டு, கதவைச் சாத்தி, ஹீட்டரைப் பற்றவைத்தார்கள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். வாளி நிரம்புவதற்குள் கருவி அலறத் தொடங்கிவிட்டது. காற்றாடவிட்டு, துண்டை எடுத்து, ஜன்னலையும் முழுக்கத் திறந்து இன்னொரு முறை பார்த்தார்கள், அப்போதும் அதே அலறல். கம்பெனி ஆள் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தான். விற்பனையை நிறுத்த உத்தரவு போட்டாகிவிட்டது.

பொறியாளர் சித்தியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார், "வாளி வழியறப்பவே அவர் நினைவில்லாம விழுந்திருப்பார். அப்புறம் குரல் கொடுத்திருக்கவே முடியாது. உங்க மேல ஒரு தப்பும் இல்லைம்மா." எனக்கு அப்பாடா என்றிருந்தது. சித்தியும் தலையை ஆட்டினாள். பஸ்ஸில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்னைக் கூப்பிட்டது யாருக்கா?"

ஏதாவது பிரமையாக இருக்கும் என்றேன். சொன்ன எனக்கே அது ஒட்டவில்லை. நேற்றுப் பகலில் அப்பா வெளியே போயிருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு எங்கள் குளியலறைக்கு ஓடி, வந்துட்டேங்க, கதவைத் திறங்க என்று தட்டினாள். கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே யாருமில்லை. மகளே, அவள் எழுந்து ஓடுவதற்கு முன்னால் எனக்கும் ஏதோ கேட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் இதுக்கும் ஒரு ஆணையம் போடச் சொல்லுவோமா என்பார்.

உங்கள் குளியலறையில் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுது. மாப்பிள்ளை கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போ, அவரையும் அப்படியே வரச் சொல். ஆயுசு முழுக்க ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா