மாவட்டம் முழுக்க மழையாம்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை. கொடியில் போட்ட சேலை, உலை கொதிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் லீவு. கனமழையாம்! மாவட்டம் முழுக்க லீவு விட்டிருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட். பந்து உருண்ட இடமெல்லாம் புழுதி எழும்புகிறது.

போனுக்கு வேளாண்மைச் செய்தி வேறு. தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள் வயலில் தேங்கிய நீரை உடனே வடிக்கவும். எதை வடிக்க? என் வியர்வையையா?

சென்னையிலிருந்து மகள் செல்வி. "எம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா? டிவியில காட்டுதான்."

"அது கடலோரம்ட்டி. இங்கன பசுவந்தனைப் பக்கம் குடிக்கவே லாரித் தண்ணிதான்."

"தூத்துக்குடின்னுதான போட்டிருக்கான்!"

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையே இப்படிக் கேட்டால் மற்றவர்களை என்ன சொல்ல.

இலஞ்சியில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி கோமதி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள். பின்னால் ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம். "யக்கா, இங்க நச்சுநச்சுன்னு தூறிக்கிட்டே இருக்கு. ஒரு துணி காயல. ஒரே ஈர வாடை. சள்ளையா இருக்குக்கா." சள்ளையாம். மேற்கே மலையோரம் சள்ளை, கிழக்கே கடலோரம் வெள்ளம். நடுவில் நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்? பதில் அனுப்பவில்லை. அனுப்பினால் சண்டைதான்.

மாலை புஞ்சை. புரட்டாசியில் பெய்த ஒற்றை மழையை நம்பி விதைத்த உளுந்து. இலை உள்பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. மண் வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முழு விரலும் போயிற்று.

வாங்க வேண்டியது: சீரகம், பிண்ணாக்கு, இவருக்கு இருமல் மருந்து.

ஐப்பசி 6, வியாழன்

அதே வெயில். பிண்ணாக்கு மறந்தாயிற்று.

ஒரு தரகர் வந்தார். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். என் வீட்டுக்காரர் கோவில்பட்டி மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் எழுந்திருந்தார். உட்கார்ந்து பேச்சு.

"அண்ணாச்சி, தென்காசிப் பக்கம் பாதி வருஷம் மேகம். கடலோரம் உப்புக் காத்து, கம்பியெல்லாம் அரிச்சிரும். உங்க ஊரு மாதிரி வராது. மழையே கிடையாதுல்லா, அதுதான் உங்களுக்கு யோகம்."

யோகம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"மழை கிடையாதுன்னு யாரு சொன்னா? பிந்தும். பிந்துனாலும் வரும்."

"வரட்டும்மா. வந்தா சந்தோஷம். வராட்டியும் குத்தகை வரும்லா?" சிரிக்கிறார்.

இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதுதான் எரிகிறது. டீ போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை. வேண்டுமென்றேதான்.

கார் போனதும் கேட்டேன். "எதுக்குத் தலையாட்டுனீங்க?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னுதான சொன்னேன்."

"அது எங்கப்பா எனக்கு எழுதிக் கொடுத்த புஞ்சை. யோசிக்கணும்னா நான்தான் யோசிக்கணும்."

இருமினார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஐப்பசி 10, திங்கள்

தூத்துக்குடி போய் வந்தேன். குறைதீர் கூட்டத்தில் மனு. பயிர் கருகுகிறது, எங்கள் பக்கத்தை வறட்சி என்று எழுதுங்கள் என்று. தனியாகத்தான் போனேன். தெருவில் கூப்பிட்ட ஒருத்தரும் வரவில்லை.

ஓட்டப்பிடாரம் வரை ஜன்னல் வழியே புழுதி. புதியம்புத்தூர் தாண்டியதும் காற்றில் குளிர்ச்சி. அப்புறம் ரோட்டோரம் தண்ணீர். டவுனுக்குள் கணுக்காலுக்கு மேல். சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தேன். ஒரு டிக்கெட் தூரம். இங்கே இவ்வளவு, அங்கே ஒரு சொட்டு இல்லை. ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

அதிகாரி சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, மாவட்டத்துக்குச் சராசரியைவிடக் கூடுதலா மழை பதிவாகியிருக்கு. வறட்சின்னு எப்படி எழுத முடியும்?"

"சார், சராசரி எங்க புஞ்சையில பெய்யலையே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பார்க்கிறோம்மா." அடுத்த ஆள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி முனகினாள். "மாதாவே, இந்த மழை நின்னா உனக்கு மெழுகுதிரி ஏத்துதேன்."

சுர்ரென்று வந்தது. "ஏந்தாயி, மழையைப் போயி நிறுத்தச் சொல்லி வேண்டுதியே, நல்லாருக்கா?"

அவள் கோபப்படவில்லை. பேர் அந்தோணியம்மாள். உப்பள வேலை. "குவிச்சு வச்ச உப்பெல்லாம் கரைஞ்சு ஓடிட்டு யக்கா. இனி வெயில் திரும்புற வரைக்கும் வேலை கிடையாது. வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. பிள்ளைகள மண்டபத்துல விட்டிருக்கேன். நீங்க எதுக்கு வந்திய?"

"மழை இல்லன்னு சொல்ல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமே இல்லை. ஒரே வரிசை. அவள் நிற்கச் சொல்லிக் கேட்கிறாள், நான் பெய்யச் சொல்லிக் கேட்கிறேன். அவளுக்கும் அதே பதில்தானாம், பார்க்கிறோம்மா. எதைப் பார்ப்பார்கள்? ஜன்னலையா?

டீ அவள்தான் வாங்கித் தந்தாள். போன் நம்பரும் தந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் செருப்பு காய்ந்து, ஊர் வந்தபோது மறுபடி புழுதி.

ஐப்பசி 12, புதன்

உளுந்து போயிற்று. கீழ்ப்பக்கம் முழுவதும் மஞ்சள். தொட்டால் இலை உதிர்கிறது.

புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு பத்திக்கொண்டு வந்தவர் வரப்பில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "யக்கா, இனி இது தேறாது. ஆட்டை விடட்டுமா? எங்கன போனாலும் மேய்ச்சல் இல்ல. பட்டினியால்லா கிடக்கு."

"விடுங்க."

விட்டார். நின்று பார்த்தேன். அத்தனை ஆடும் தலையைக் குனிந்து மெல்லுகிற சத்தம். நான் கொத்தி, நான் விதைத்து, நான் களை பார்த்தது. ஆட்டின் மேல் என்ன கோபம். வீட்டுக்கு வந்து சொம்பைத் தூக்கி எறிந்தேன். நெளிந்துவிட்டது. நல்ல சொம்பு.

இவரிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சோலார் ஆளை வரச் சொல்லட்டுமா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. செல்விக்குச் சொல்லவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

மழை!

தரகர் சாயந்தரம் வருவதாக இருந்ததால் இவர் மில்லுக்கு லீவு. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கிழக்கே கறுத்தது. ஏமாற்றும் என்றுதான் நினைத்தேன். தகரத்தில் முதல் அடி விழுந்ததும் இவர் சோற்றுக் கையோடு வாசலுக்குப் போய்விட்டார். தெருவே வாசலில் நின்றது. விட்டு விட்டு இல்லை, ஒரே ஊற்று.

புஞ்சைக்கு ஓடினேன். வெடிப்புகள் கொடகொடவென்று குடிக்கிற சத்தம். ஆடு கடித்த உளுந்துத் தண்டுகள் நனைந்து நிற்கின்றன. போன வாரம் வந்திருக்கக் கூடாதா? கடலுக்குள் கொட்டியதில் ஒரு கை அள்ளி இங்கே போட்டிருக்கக் கூடாதா? திட்டிக்கொண்டே நனைந்தேன். வாய்க்குள் மழை போயிற்று.

டிவியில் கடலோரமும் மறுபடி கொட்டுவதாகச் சொன்னார்கள். அந்தோணியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"அங்கன பெய்யுதா யக்கா?"

"பெய்யுது."

"நல்லது" என்றாள். பின்னால் மண்டபத்து இரைச்சல். ஏதோ ஒரு பிள்ளை விடாமல் அழுகிறது. அவளுக்கு என்ன சொல்வது? வைத்துவிட்டேன். சந்தோஷத்தைக்கூட முழுசாகக் கொடுக்கத் தெரியாத மழை.

சாயந்தரம் தரகர் போன். ஸ்பீக்கரில். "அண்ணாச்சி, பத்திரத்தோட ஓட்டப்பிடாரம் வந்துட்டேன். இங்க செம மழை. உங்க பக்கம் ரோடு எப்படி?"

இவர் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"வராதீங்க தம்பி. மண்ணு இளகிட்டு. கொத்தமல்லி விதைக்கப் போறோம்."

"அப்ப அடுத்த வாரம் வரட்டுமா?"

"அடுத்த வாரமும் மல்லிதான்." வைத்துவிட்டார்.

போறோமாம்! என் புஞ்சை. வரச் சொன்னது நான். வர வேண்டாம் என்றால் அதையும் நான்தானே சொல்ல வேண்டும்? ஒரு வார்த்தை கேட்டாரா? சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வரப்பு உடைந்திருக்குமாம். மில்லுக்குப் போடுகிற நல்ல பேன்ட். கரிசல் ஒட்டினால் லேசில் போகுமா? யார் துவைப்பது?