கல் இல்லை, கட்டி

செப்டம்பர் 2, செவ்வாய்

புழுக்கம். மழை இதோ வருகிறேன் என்று தினமும் பூச்சாண்டி காட்டுகிறது. துவைத்த துணி காயவில்லை. ஒரு பாக்கெட் பால் திரிந்துவிட்டது.

இவருக்கு இடப்பக்கம் விலாவுக்குக் கீழே வலி விட்டபாடில்லை. வெள்ளிக்கிழமை பெசன்ட் நகர் மாதா கொடியேற்றத்துக்கு வழக்கம்போல நடந்து கிளம்பியவர், பாடி மேம்பாலம் தாண்டுவதற்குள் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார். கம்பெனியில் எல்லோரும் கல் என்றார்களாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்கள் நின்ற இடத்திலிருந்து நகர்வதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, ஆளாளுக்குக் கிட்னியில் ஒரு கல். அதனால் வீட்டில் ஒரே வாழைத்தண்டு. சாறு, பொரியல், கூட்டு. எனக்கே வெறுத்துவிட்டது.

இன்று ஸ்கேன். பார்த்த லேடி டாக்டர் ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கல்லு எவ்ளோ பெருசா கீது மேடம்?" இவர்.

"கல் இல்லங்க. கட்டி மாதிரி தெரியுது. சி.டி. எடுத்துப் பாத்துடுங்க."

வெளியே வந்ததும் இவர் சொன்னது: "கல்லு இல்லன்னுட்டாங்க பாத்தியா." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கட்டி என்ற சொல் அவர் காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது.

செப். 4, வியாழன்

நாளை ஆசிரியர் தினம். என் வகுப்புப் பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் எதையோ ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேசையெல்லாம் கோந்து. தெரியாத மாதிரி நடித்தேன்.

மாலை சி.டி. படத்துடன் பூந்தமல்லி ரோட்டு ஆஸ்பத்திரி. சர்ஜன் நல்ல மனிதர்தான். சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இடது கிட்னியை முழுசாக எடுத்துவிடலாம், ஒன்றை வைத்துக்கொண்டே ஆயுசுக்கும் வாழலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

பைக்கில் வரும்போது கரையான்சாவடி சிக்னலில் இவர்: "ஒண்ணு போனா இன்னா. அதான் ரெண்டா குடுத்துகிறாரே ஆண்டவர்."

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

செப். 7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இருவருமே.

ஆபரேஷனுக்கு முன்: ரத்தம் கொடுக்க ஆள் (கம்பெனியில் கேட்கணும்). ஹெட்மிஸ்ட்ரஸிடம் லீவு. கேஸ் புக் பண்ணணும். முன்பக்கம் திறக்கிற சட்டை இரண்டு.

இவர் மெலிந்துவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார், ஆணியால். எப்போது போட்டார் என்று தெரியவில்லை. ஆரோக்கியராஜ் என்று பெயர் வைத்த மாமனாரை இன்று மனதுக்குள் திட்டினேன்.

செப். 9, செவ்வாய்

நல்ல வெயில். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகள் என்று போனோம். எல்லாம் தலைகீழ்.

சர்ஜன் படத்தை மறுபடி பார்த்தாராம், ஏதோ உறுத்தியதாம். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற டாக்டர் ஒருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். சின்ன வயசு, தலையில் மல்லிகைப்பூ. அந்தம்மா படத்தைக் காட்டிச் சொன்னார்: வழக்கமான கட்டி என்றால் ஒரு உருண்டையாக முட்டிக்கொண்டு நிற்கும். இது கிட்னி முழுவதும் பரவி வீங்கியிருக்கிறது, ஆனால் வடிவம் மாறவில்லை. ‘சிறுநீரகம் அவரை விதை வடிவம்’ என்று ஐந்தாம் வகுப்புக்கு வருஷாவருஷம் போர்டில் எழுதுகிறவள் நான். அந்த அவரை விதை அப்படியே இருந்தது. பெருத்து.

பிறகு கேள்விகள். காய்ச்சல்? சாயங்காலம் லேசாக. எடை? குறைந்திருக்கிறது.

"ராத்திரியில ரொம்ப வேர்க்குதா?"

"மெட்ராஸ்ல யாருக்கு மேடம் வேர்க்கல?"

சர்ஜன் சிரித்தார், அந்தம்மாவும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். எனக்குப் பகீரென்றது. ஜூலையிலிருந்து எங்கள் வீட்டு ஏசி சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெக்கானிக்கை வரவழைத்தோம், கேஸ் அடைத்தான், மறுபடி கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் "அக்கா, எனக்குக் குளிருதுக்கா" என்றான். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன், இவர் பனியனைப் பிழிகிற அளவுக்கு நனைந்து கிடக்கிறார். அப்போதும் ஏசியைத்தான் குறை சொன்னோம்.

இதையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

லிம்போமா என்று ஒன்று. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிகளில் வருகிற புற்று. அது நெறியே இல்லாத கிட்னியில் போய் ஆரம்பிப்பது மிகமிக அபூர்வம். ஆனால் இது அதுவாக இருந்தால் கிட்னியை எடுக்க வேண்டாம், மருந்திலேயே கரைக்கப் பார்க்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்ப்பது. நாளைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

செப். 10, புதன்

காலையிலேயே ரோஸி அக்கா வந்துவிட்டார். இவருடைய அக்கா, திருவேற்காட்டில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் தொண்டையில் புற்று வந்து போய்ச் சேர்ந்தவர்.

"ஊசி கீசி எதுவும் வோணாம். அவருக்கும் இப்டித்தான் சொன்னாங்க, துளி சதை தான்னு. குத்தி எடுத்தாங்க, அப்புறம் மளமளன்னு பரவிச்சு. எடுக்கறதா இருந்தா முழுசா எடுத்துக் கடாசு. கிளறாத."

கிளறாத, கிளறாத என்று காபி ஆறும்வரை அதையேதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

இவர் கழுத்து, அக்குள் எல்லாம் தடவித் தடவிப் பார்க்கிறார். எங்கும் நெறி இல்லை. அதனால் அது இல்லவே இல்லை என்கிறார். அது நெறி இல்லாமலே வருவதுதான் அபூர்வம் என்று டாக்டர் சொன்னதை இரண்டு தரம் விளக்கினேன். பிறகு: "எனக்கு ஒண்ணும் புரியல ஸ்டெல்லா. நீயே சொல்லு. நீ குத்திக்கச் சொன்னா குத்திக்கிறேன்."

என் தலையில் கட்டிவிட்டு டி.வி. போட்டுக்கொண்டார். அந்த ரிமோட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. குத்திப் பரவினால் நான் காரணம். குத்தாமல் எடுத்த பிறகு, எடுத்திருக்கவே வேண்டாம் என்று தெரிந்தால் அதற்கும் நான் காரணம்.

மொட்டை மாடிக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஊசியால் பரவுமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன்.

"பரவவே பரவாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ரொம்ப அபூர்வம்."

நோயும் அபூர்வமாம், பரவுவதும் அபூர்வமாம். எந்த அபூர்வத்தை நம்புவது? பக்கத்து மாடியில் யாரோ வடாம் காய வைத்திருந்தார்கள். மேகம் கூடியிருந்தது, கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

கீழே வந்து சொன்னேன்: குத்திக்கோங்க. "சரி" என்றார். ரோஸி அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

செப். 12, வெள்ளி

கிட்னி போயிருக்க வேண்டிய நாள். அதற்குப் பதில் ஊசி.

குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்தினார்களாம். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டப் டப் என்று சத்தம் வந்ததாம். "வலியே இல்ல, சத்தந்தான் ஒரு மாதிரி." பிறகு அசையாமல் மல்லாந்து படுக்கணும். சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். லேசாகச் சிவப்பு, பிறகு தெளிந்தது.

மழை கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர் வரும்வரை முழங்கால் தண்ணீர்.

செப். 16, செவ்வாய்

காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்துகிறேன். ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: ‘சிறுநீரகம் கெட்டுப்போனால் வேறு மாற்றலாம்.’ அரை மதிப்பெண் போட்டேன்.

ரோ. அக்கா போன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

இவர் சாப்பிடுவது குறைந்துகொண்டே போகிறது. ரசம் சாதம் இரண்டு வாய். வலிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்பார், சுவரைப் பார்த்து. ராத்திரி முழுவதும் அந்த ஊசி போன வழியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாத பயம்.

செப். 18, வியாழன்

முதல் ரிப்போர்ட். நெறியில் இருக்கிற வகை அணுக்கள் தெரிகின்றனவாம். சாயம் போட்டு இன்னும் பார்க்கணுமாம், அதற்கு நாளாகும். உடம்பு முழுவதும் ஒரு ஸ்கேன் நாளை.

மாலை கோயிலில் மாதா முன்னால் உட்கார்ந்தேன். கேட்டே விட்டேன்: லிம்போமாவாக இருக்கணும். பக்கத்தில் ஒரு அம்மா மகளுக்கு வரன் வேண்டி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் புருஷனுக்கு ஒரு கேன்சரைப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒருத்தி இந்த மாதாவிடம் வந்திருப்பாளா.

செப். 24, புதன்

வெயில். கண் கூசுகிற வெயில்.

லிம்போமாதான். வேறெங்கும் இல்லை, இடது கிட்னியில் மட்டும். வேகமாக வளர்கிற வகையாம். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகையும் இதுதானாம். உறுதியாக எதையும் இப்போது சொல்ல மாட்டேன், ஆனால் கத்தி வேண்டாம், திங்கட்கிழமையே முதல் மருந்து ஏற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. முடி கொட்டும், வாந்தி வரும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப கிட்னி நம்மளுதே தான?"

"உங்களுதே தான்."

வராந்தாவுக்கு வந்து ரோ. அக்காவுக்குப் போட்டேன். இன்று எடுத்தார். மூச்சு விடாமல் சொன்னேன். கிட்னியை எடுக்க வேண்டாம்க்கா, எங்கேயும் பரவல, மருந்துதான்க்கா என்று.

"அப்ப கேன்சர் இல்லியா?"

"கேன்சர்தான்க்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடி சிரிச்சிகினு சொல்ற?"

போனை இவர் கையில் கொடுத்துவிட்டேன்.