ஏழாம் பாடத்தில் இல்லாதது

ஜூன் 3, செவ்வாய்

வெயில். காரைக்குடியை அப்பளமாகப் பொரித்து எடுத்துவிட்டது. செக்காலை ரோட்டுத் தார் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு, தங்கிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியது.

பயிற்சிக்கூடம் காலி. வீட்டுக்காரர்கள் கூடம் இருந்த பெரிய வீட்டை ஓட்டலுக்கு விட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் வயரிங் சொல்லிக்கொடுத்த கூடத்தில் இனி வெள்ளைக்காரன் இட்லி தின்பான்.

மேனேஜர் முருகேசன்: "இனிமே எல்லாம் ஆன்லைன்தான் சார். அம்பது மணி நேரத்தப் பத்து வீடியோவாச் சுருக்கிருங்க. ரெம்ப ஈசி."

ஈசியாம். கடலைச் செம்பில் அடக்கு என்கிறான். அடக்குவேன். நான் யார்?

வாங்க வேண்டியது: போன் ஸ்டாண்டு, வெள்ளைத் துணி (பின்னால் கட்ட), தலைச்சாயம்.

ஜூன் 5, வியாழன்

படப்பிடிப்பு. ஒளிப்பதிவு, எடிட்டிங், அதட்டல் எல்லாம் அக்கா மகள் வள்ளி. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

"மாமா, கிளாஸ்ல நீங்க செய்றத எல்லாம் மொதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க. எழுதுனதத்தான் படம் புடிக்க முடியும்."

ஒரே மூச்சில் எழுதினேன். பேனா புகைந்தது. எழுபது பக்கம்.

ஏழாம் பாடம் (பழைய சுவிட்சுப் பலகையை மாற்றுதல்): மெயினை இறக்கு. திருகுகளைக் கழற்று. ஒயர்களைக் கழற்று. புதுப் பலகையில் பூட்டு. மெயினை ஏற்று.

பதினொரு நிமிடம் நடித்தேன். அவள் வெட்டியது போக ஆறு. "பெருமப் பேச்சு மட்டும் அஞ்சு நிமிசம் மாமா."

மதியம் புளிக்குழம்பு. உப்பு கூடுதல்.

ஜூன் 9, திங்கள்

ஆன்லைன் வகுப்பு. நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு கறுப்புக் கட்டம். ஒருவர் முகமும் தெரியவில்லை. "புரியுதா?" என்று கேட்டால் மயானம். எங்கோ குக்கர் விசில். யாரோ யாரையோ "எருமை, கதவச் சாத்துடி" என்றார்கள். என்னை இல்லை என்று நம்புகிறேன்.

கூடத்தில் என்றால் முகத்தைப் பார்த்தே யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். மேஜை மேஜையாக ஒரு சுற்று வந்தால் போதும்.

கேள்வி கேட்கிற ஒரே ஆள் பஞ்சவர்ணம். நேமத்தான்பட்டி, வயது முப்பத்தாறு, புருஷன் சிங்கப்பூரில். கூடம் மூடும் முன் ஒரு மாதம் நேரில் வந்தவள். சான்றிதழ் வந்ததும் ஊரில் வயரிங் வேலை எடுத்துச் செய்யத் திட்டம். தெருவில் நாலு வீட்டுக்கு ஃபேன் மாட்டிக் கொடுத்தாயிற்று. "பொம்பள ஏணியில ஏறுறா" என்று வேடிக்கை பார்த்தவர்களே இப்போது கூப்பிடுகிறார்களாம்.

வீட்டுப்பாடம்: ஏழாம் பாடம். வீட்டில் ஒரு பலகையை மாற்றிப் படம் அனுப்ப வேண்டும்.

பஞ். வாட்ஸாப்: "சார் நான்தான் மொதல்ல அனுப்புவேன் பாருங்க."

ஜூன் 12, வியாழன்

காலை பத்தரை. பஞ். எண்ணிலிருந்து அழைப்பு. ஆண் குரல்.

"வாத்தியாரா? பஞ்சவர்ணத்தோட அண்ணன் பேசுறேன். ஒங்க பாடத்தப் பாத்துப் பாத்துச் செஞ்சா. கரண்டு புடிச்சு இழுத்துருச்சு. பெரியாஸ்பத்திரியில கெடக்கா."

உயிருக்கு ஆபத்து இல்லை. வலது கை.



ஜூன் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிப் போனேன். எதற்கு ஆரஞ்சு?

அண்ணன் வாசலில். "வாங்க வாத்தியாரே. பொட்டிக்குள்ள இருந்து பாடம் நடத்துனவுக நீங்கதானா? நேர்ல குட்டையா இருக்கீக."

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கருகிவிட்டன. எடுத்தாக வேண்டுமாம். திங்கட்கிழமை.

பஞ். இடது கையில் போன். ஏழாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சாயம் பூசிய தலையோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன், சத்தமில்லாமல்.

"மூணு தடவ பாத்துட்டேன் சார். எங்க தப்பு பண்ணேன்னு பிடிபடல. மெயின எறக்குனேன். எறக்கிட்டுத்தான் கைய வச்சேன்."

"இப்ப எதுக்கும்மா அது. தூங்கு" என்றேன்.

வெளியே வந்து இரண்டு டீ குடித்தேன்.

ஜூன் 14, சனி

நேமத்தான்பட்டி. பஞ். வீடு. மெயின் இறங்கியே இருந்தது. சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, அந்தப் பலகையில் தொங்கிய ஒயரில் வைத்தேன்.

டெஸ்டர் விளக்கு எரிந்தது.

எந்தக் காலத்திலோ எவனோ மெயினைத் தப்பான ஒயரில் பூட்டியிருக்கிறான். இறக்கினால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், மின்சாரம் மட்டும் ஒயரில் அப்படியே நிற்கும். பழைய வீடுகளில் நான் பார்க்காததா? இருபது பார்த்திருப்பேன். (பெருக்கிச் சொல்லவில்லை. இருபது.)

அவள் ஏன் டெஸ்டர் வைக்கவில்லை?

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கூடத்தில் மாணவர்கள் ஒயரில் கை வைக்கும் முன் நான்தான் மேஜை மேஜையாகப் போவேன். ஒவ்வொரு ஒயரிலும் டெஸ்டரை வைப்பேன். "ம். வாத்தியார் வர்றார்னு தெரிஞ்சு கரண்டு ஓடிப்போச்சு. தொடுங்கப்பா" என்பேன். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக இருபத்திரண்டு வருஷமாக டெஸ்டரை ஒருத்தர் கையிலும் நான் கொடுத்ததில்லை.

அது பாடம் என்றே எனக்குத் தெரியாது. என் தோரணை என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளியிடம் கேட்டேன்: டெஸ்டர் வைத்ததை நீ வெட்டினாயா?

நோட்டைப் புரட்டினாள். "எழுதவே இல்லையே மாமா. நீங்க வைக்கவும் இல்ல." நோட்டை மூடிவிட்டு, "நான் ஒயரப் பாத்தவளா? எனக்கு எப்புடித் தெரியும்?" என்று அழுதாள். அவள் எதற்கு அழ வேண்டும்?

ஏழாம் பாட வீடியோவை நெட்டிலிருந்து கழற்றிவிடச் சொன்னேன். கடவுச்சொல் அவளிடம். கழற்றினாள்.

பிறகு போன். நாற்பது பேருக்கும் ஒருவர் பின் ஒருவராக. பலகையைத் தொடாதீர்கள், டெஸ்டர் வாங்கும் வரை தொடாதீர்கள். முப்பத்தேழு பேர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சோம்பேறிகள் நீடூழி வாழ்க. மூன்று பேர் முடித்திருந்தார்கள். அரியக்குடிப் பையன் ஒருவன்: "லேசா அடிச்சுச்சு சார். வீட்ல சொல்லல. நீங்களும் சொல்லிறாதீக."

குரல் கட்டிவிட்டது. இரவு கஞ்சி.

ஜூன் 15, ஞாயிறு

முருகேசன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில்.

"வீடியோவ ஏன் சார் எடுத்தீக? நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிறாது?"

டைப் அடித்த கடிதம் ஒன்று நீட்டினான். 'டெஸ்டர் கொண்டு சோதிக்கும் முறை மாணவர்களுக்கு முறையாகக் கற்பிக்கப்பட்டது. மாணவியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"கூடத்துல காட்டியிருக்கீகள்ல? அப்ப பொய்யில்லையே சார்."

கெட்டிக்காரன். பொய் இல்லைதான். கூடத்தில் ஒரு மாதம் அவளும் இருந்தாள். நான் டெஸ்டர் வைப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

நாளைக்குத் தருகிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனான். கடிதம் மேஜையில். அதன் மேல் கண்ணாடியை வைத்தேன். எடுத்தேன். சாயங்காலத்துக்குள் நான்கு தடவை பேனா மூடியைத் திறந்திருக்கிறேன். இன்னும் மூன்று வருஷம் வேலை பார்க்கலாம். இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

தூறல். உடனே நின்றுவிட்டது.

ஜூன் 16, திங்கள்

ஆறரை மணிக்கே ஆஸ்பத்திரி. ஒன்பதுக்கு ஆபரேஷன்.

பஞ். முழித்துத்தான் இருந்தாள். உட்காராமலே சொன்னேன். ஏழாம் பாடத்தில் டெஸ்டர் இல்லை. நான் வைக்கவில்லை, வைக்கச் சொல்லவும் இல்லை. எழுத மறந்தேன். நீ செய்ததில் ஒரு தப்பும் கிடையாது.

கட்டுப்போட்ட கையையே பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சேனா சார்?"

"சரியாத்தான் செஞ்சம்மா."

அண்ணன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பஞ். இடது கையால் போனைத் தேடி எடுத்தாள். "இத எங்க வீட்டுக்காரருட்ட நீங்களே சொல்லிருங்க சார். நாலு நாளா ஏசுறாரு. திமிரு புடிச்சுப் போயி கரண்டுல கைய வச்சியான்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு."

சிங்கப்பூர். மூன்றாவது மணியில் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். பெயரைச் சொன்னேன், விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம். பிறகு அது நின்றது.

"இருங்க. ரெக்கார்டு போட்டுக்கிறேன். இப்ப இன்னொருக்காச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். நிறுவனத்தின் பெயர், என் வேலை, பாடத்தின் எண் எல்லாம் சேர்த்து, நிதானமாக.