குழாய் அண்ணனின் வியாழக்கிழமைகள்

மார்ச் 14, சனி

இன்று என் வாளில் துரு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தேன். பேரரசுகள் சரிவது இப்படித்தான்.

எங்கள் ஃப்ரீமேசன் லாட்ஜில், அதாவது பழைய கொத்தனார் சடங்குகளை ரகசியமாக நடத்தும் சகோதரர் சங்கத்தில், நான் வெளிவாசல் காவலன். உள்ளே சகோதரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு நடத்துவார்கள். வெளியே உருவிய வாளோடு, பிளாஸ்டிக் நாற்காலியில், நான். பத்தொன்பது வருடங்களில் என் வீரத்துக்கு அஞ்சிப் பின்வாங்கிய எதிரிகள் இருவர்: தண்ணீர் கேன் போடுகிறவர், ஒரு பூனை. பூனை திரும்பி வந்துவிட்டது.

உள்ளே நடப்பதை ஒட்டுக்கேட்பது காவலனுக்கு அழகல்ல. இன்று கேட்டேன். கதவில் காது பதிந்து வீங்கும் அளவுக்குக் கேட்டேன். காரணம், குழாய் அண்ணனின் உறையை இன்று பிரித்தார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கும்போதே ஒரு தாள் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும் — லாட்ஜுக்கு நான் விட்டுப்போவது என்ன, மனித குலத்துக்கு நான் விட்டுப்போவது என்ன. ஆள் போனபிறகு சபையில் வாசிப்பார்கள். குழாய் அண்ணன் பிளம்பர். ஊரில் பாதித் தண்ணீர் அவர் கைபட்டுத்தான் ஓடியது. ஜனவரி கடைசியில் யார் வீட்டு மாடிப்படியிலோ மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

எங்கள் தலைவர் ஜட்ஜ் ஐயா, ஓய்வு பெற்றவர், வாசித்தார்:

"லாட்ஜுக்கு: மெயின் வால்வு பின்சுவரில் இருக்கிறது. பலமாகத் திருக வேண்டாம். மனித குலத்துக்கு: பன்னிரண்டு. எல்லாம் வேலை செய்கிறது."

அவ்வளவுதான். பிறகு ஜட்ஜ் ஐயா பன்னிரண்டின் மகத்துவம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மாதங்கள், ராசிகள், கடிகாரத்தின் மணிகள். கண் டாக்டர் எழுந்து, அவை பன்னிரண்டு நற்குணங்களாக இருக்கலாம் என்றார்.

'வேலை செய்கிறது' என்றல்லவா எழுதியிருக்கிறார்? நற்குணம் எந்த ஊரில் வேலை செய்கிறது?

மார்ச் 15, ஞாயிறு

என் உறையை லாட்ஜ் செயலாளரிடமிருந்து திருப்பி வாங்கி வந்து படித்தேன். பதினான்கு பக்கம். நான் மெத்தை வியாபாரி. இந்த ஊர்க் குறட்டையில் சரிபாதி என் உபயம் என்று கம்பீரமாக ஆரம்பித்திருக்கிறேன். மனித குலம் ஒன்பதாம் பக்கத்தில் வருகிறது. அதே பக்கத்தில் காணாமலும் போகிறது.

மார்ச் 17, செவ்வாய்

குழாய் அண்ணனின் மனைவி கடைக்கு வந்திருந்தாள். சகோதரர் மனைவி, ஆகவே எனக்கு அண்ணி. அவருடைய லாட்ஜ் உடுப்பை மடித்து ஒரு பையில் கொண்டுவந்தாள். கடையிலேயே விலை கூடிய மெத்தையின் நுனியில் உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கவே இல்லை. இரண்டு மாதத்தில் அப்படி இளைத்திருக்கிறாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். பதினோரு வருஷமா வியாழக்கிழமை தவறாம லாட்ஜுக்கு வந்தாரே, அங்க அப்படி என்னதான் பண்ணுவார்?"

நாங்கள் கூடுவது மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும். வியாழக்கிழமை லாட்ஜில் இருப்பது பூனை ஒன்றுதான்.

எனக்கு வாயில் வந்தது என்ன? "அண்ணி, அது ரகசியம்."

பழக்க தோஷம்! கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாலும் வீட்டில் ரகசியம் என்றுதான் சொல்வோம், நாங்கள் எல்லோரும். அதுவும் குரலைத் தாழ்த்தி, புருவத்தை ஏற்றிச் சொன்னேன், பாவி.

அவள் பையை என் பக்கம் தள்ளினாள். "வீட்டுல குழாய் ஒழுகும் தம்பி. பிளம்பர் வீடு! ஒரு பக்கெட்டை வெச்சுட்டுப் போயிடுவார். இவருக்கு மனசு வீட்டுல இல்லியேன்னு நினைப்பேன். சரி, லாட்ஜுல இருக்குன்னு நானே சமாதானம் பண்ணிக்குவேன்."

போய்விட்டாள். வியாழக்கிழமை எங்கே போனார் அந்த மனுஷன்?

மார்ச் 20, வெள்ளி

நாசம்.

ஜட்ஜ் ஐயா அந்தத் தாளை அண்ணியிடம் கொடுக்கப் போயிருக்கிறார். அவள் வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "வியாழக்கிழமை லாட்ஜே கிடையாதேம்மா" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். நாற்பது வருடம் கோர்ட்டில் உட்கார்ந்து, அத்தனை பேர் சொல்லக் கேட்டும், ஒன்றாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

அண்ணி போன் செய்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரகசியம்னு சொன்னீங்களே தம்பி. இப்ப சொல்லுங்க. யார் அவ?"

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது—"

"பன்னிரண்டுன்னு எழுதி வெச்சிருக்கார். பன்னிரண்டு வருஷமா? பன்னிரண்டு பேரா?"

"பன்னிரண்டு பேரா? அண்ணி, அவரால நாலு படி சேர்ந்தாப்பல ஏற முடியாது!"

சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன். அவர் எங்கே உட்கார்ந்து செத்தார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அவருடைய போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாளாம். ஜட்ஜ் ஐயா சொன்னார்.

மார்ச் 21, சனி

செத்தவருக்கு நான் ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரே வார்த்தையில். உலகத்தில் இவ்வளவு வேகமாகக் கட்டடம் எழுப்பிய மேசன் வேறு யாரும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா மகளிடம் சொன்னேன். வக்கீல். மாமன் என்றும் பாராமல் குறுக்கு விசாரணை செய்வாள்.

"மாமா, உனக்குத் தெரிஞ்சு மறைச்சா ரகசியம். தெரியாம மறைச்சா அதுக்குப் பேர் என்ன?"

"விசுவாசம்."

"பொய். சரி, பிளம்பர் எங்க போனாலும் சாமான் வாங்கிட்டுத்தானே போகணும்? எந்தக் கடை?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும், இன்னும் நாலைந்து வருடம் கொடுத்திருந்தால்.

ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டதுமே சொல்லிவிட்டார். "வியாழக்கிழமையா? வாஷர், ஃப்ளஷ் டேங்க் மிதவை, அரை இஞ்ச் பைப். வாரா வாரம். ஒரு மனுஷனுக்கு எத்தனை கக்கூஸுய்யா இருக்குன்னு நானே கேட்டிருக்கேன். சிரிப்பார். சாமானை எடுத்துக்கிட்டு ரயில் பாதையைத் தாண்டி, பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல் பக்கம் போவார்."

என் மூளையில் ஆயிரம் குதிரைகள் ஓடின. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டேன் என்கிறாள் அக்கா மகள்.

மார்ச் 26, வியாழன்

பன்னிரண்டு கக்கூஸ்.

மனித குலத்துக்கு அவர் விட்டுப்போனது அதுதான். பன்னிரண்டு கக்கூஸ், எல்லாம் வேலை செய்கிறது.

அக்கா மகள் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். தலைமையாசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். குழாய் அண்ணன் இறந்துபோனதே அவருக்குத் தெரியாது. "உடம்பு சரியில்லை போலன்னு நினைச்சேன்" என்றவர், மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

பிறகு சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் நானூற்றுச் சொச்சம் பெண்களுக்கு உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கழிவறை. "காலையில இருந்து பிள்ளைங்க தண்ணியே குடிக்காதுங்க. பெரிய பிள்ளைங்க மாசத்துல நாலு நாள் வராதுங்க. அப்புறம் வரவே வராதுங்க." உடைந்த ஒரு குழாயைப் பார்க்க வந்தார் குழாய் அண்ணன். அடுத்த வியாழன் தானாகவே வந்தார். ஏழு வருடத்தில் பன்னிரண்டு ஆக்கினார். மீதி வருடங்கள் அவற்றைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டார்.

"வீட்டுல தெரியுமான்னு ஒரு தடவை கேட்டேன். 'தெரிஞ்சா, முதல்ல நம்ம வீட்டுக் குழாயைப் பாருன்னு சொல்லுவா டீச்சர். நியாயமான பேச்சு. என்கிட்ட பதில் கிடையாது'ன்னார்."

அக்கா மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஏனோ மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம்.

கிளம்பும்போது தலைமையாசிரியை சொன்னார்: "அவர் வராத இந்த ரெண்டு மாசத்துல நாலு போயிடுச்சு. இப்ப எட்டுதான்."

மார்ச் 27, வெள்ளி

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். ஜோடனை இல்லாமல், புருவத்தை ஏற்றாமல் சொன்னேன். என் வாழ்நாளில் மிகச் சுருக்கமான பேச்சு. முதலில் நான் சொன்ன பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம் பக்கெட் மாத்தியிருக்கேன் தம்பி" என்றாள். பிறகு குரல் ஏறியது. "இதைச் சொல்றதுக்கு என்ன கேடு? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" கொஞ்சம் யோசித்தாள். "சொல்லியிருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க ஒரு தடவை பொய் சொன்னவர். நான் நேர்ல பார்க்கணும்."

ஏப்ரல் 2, வியாழன்

பார்த்தாள். பள்ளி விட்ட பிறகு நானும் தலைமையாசிரியையும் வராந்தாவில் நிற்க, அண்ணி மட்டும் உள்ளே போனாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து ஃப்ளஷ் இழுத்துப் பார்க்கிற சத்தம். எட்டு முறை தண்ணீர் விழுந்தது. நான்கு முறை வெறும் கைப்பிடி.

வெளியே வந்தவளுக்குக் கை நனைந்திருந்தது. "கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல தேதி போட்டிருக்கு. என்னிக்குச் சரி பண்ணினார்னு. எழுத்து அவரோடதுதான். கடைசி தேதி, அவர் போறதுக்கு மூணு நாள் முன்னாடி."

பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பேசவில்லை. கால் மணி நேரம்! வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு கேட்டாள்: "அந்த நாலுக்கும் யார் வரப் போறா?"

நான் வானத்தைப் பார்த்தேன். நல்ல வானம்.

ஏப்ரல் 11, சனி

வாளைக் கண் டாக்டரிடம் கொடுத்து வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். பன்னிரண்டு என்றால் என்ன என்பதையும், பழுதான நாலுக்கும் வாஷர், மிதவை மாற்ற வேண்டும் என்பதையும் சபையில் சொன்னேன். ஜட்ஜ் ஐயாவின் நாற்பது நிமிட உரை ஒரே இழுப்பில் போனதை என் கண்ணால் பார்த்தேன். முதலில் சிவந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொத்தனாருங்க ஆலயம் கட்டின கதையை நம்ம சடங்குல வருஷா வருஷம் நடிச்சுக்கிட்டிருக்கோம்" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: "மிதவைன்னா என்னய்யா?"

ஏப்ரல் 12, ஞாயிறு

உறையைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பதினான்கு பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக எழுத இன்னும் ஒன்றும் இல்லை. கூச்சமாக இருக்கிறது. ஆனால் விசித்திரம், பாரமாக இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ஸ்கூலில் பழுது பார்க்கப் போன இடத்தில் ஜட்ஜ் ஐயா ஒரு குழாயை எதிர்ப்பக்கம் திருகினார். நயாகரா, நைல், இன்னும் பெயர் வைக்காத இரண்டு நதிகள், எல்லாம் அவர் சட்டைக்குள் பாய்ந்தன.

அண்ணிதான் வால்வை மூடினாள். எந்தச் சாமானுக்கு என்ன பெயர், எது எதில் சேரும், எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. எப்படி அண்ணி என்றேன். "முப்பது வருஷம் சாப்பிடும்போது வேற என்ன பேசினார்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

இரண்டு சரியாகிவிட்டன. இன்னும் இரண்டு.

ஏப்ரல் 28, செவ்வாய்

மதியம் கடையில் இருக்கும்போது அண்ணி போன் செய்தாள். அரை மணி நேரம் குழாய் அண்ணனைத் திட்டினாள். ஸ்கூலில் ஒரு பைப்பை யார் கைக்கும் எட்டாத இடத்தில் மாட்டி வைத்திருக்கிறாராம்; அவருக்கு மட்டும் கை நீளமாம், மற்றவர்கள் எல்லாம் என்ன செய்வார்களாம், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தான் சொல்லியிருப்பாளாம், எதையும் கேட்கிற பழக்கமே இந்த மனுஷனுக்குக் கிடையாதாம்.

வீட்டுக்கு வர நேரமாகிவிட்ட புருஷனைத் திட்டுகிற குரல் அது.