பசு என்று எழுதிய குப்பி

1977 மார்ச் 8, செவ்வாய்

இன்றும் கோடு சேரவில்லை. மாட்டு இதயத்திலிருந்து தடைப்புரதத்தைப் பிரித்து (செல்லுக்குள் போகும் கட்டளையை நிறுத்திவைக்கிற சின்னப் புரதம்) முயலுக்கு ஊசி போட்டு, அந்த முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் இது. அந்தப் புரதம் எங்கே இருந்தாலும் காட்டிக்கொடுக்க வேண்டும். நாங்கள் பிரித்ததையும் பெங்களூர் லேபிலிருந்து வந்த மாட்டுப் புரதத்தையும் ஜெல்லில் சீரத்துக்கு எதிரே அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் ஒரே புரதம் என்பதால் இரண்டு வெள்ளைக் கோடும் ஒன்றாகச் சேர வேண்டும். எங்கள் கோடு மட்டும் வால் மாதிரி தாண்டிப் போகிறது.

என் கை சுத்தம் போதாதாம். என் ஆராய்ச்சி வழிகாட்டி ராமபத்ரன் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் பட்டமே இந்தச் சீரத்தை நம்பித்தான் இருக்கிறது.

மார்ச் 9

மறுபடி செய்தேன். மறுபடி வால்.

மார்ச் 11, வெள்ளி

எழுத வரல. அவ்வளவு ஆத்திரம்.

இதயம் வாங்கிவருகிற அட்டெண்டர் செபாஸ்டினிடம், எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், பழசாகிவிடுகிறதோ என்று கேட்டேன். மூணாறுக்காரர், ஒளிவுமறைவு தெரியாத மனிதர். “சார் சொல்லித்தானே ஆட்டு இருதயமா வாங்கி நறுக்கிக் கொண்டாந்தேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

ஆடு! குப்பியில் பசு என்று என் கையெழுத்து.

மார்ச் 14

கேட்டேவிட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பசுவோட ஹ்ருதயத்தை நான் இருக்கற எடத்துல அறுக்கப்படாது. ஆடானா என்ன, எல்லாம் ஒண்ணுதான் கேட்டியா. குப்பியில எழுதியிருக்கறது அப்படியே இருக்கட்டும்.”

பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே? ஆட்டிலேயே செய்து ஆடு என்றே எழுதியிருப்பேன். நானும் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வீட்டுப் பெண்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கத்தி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து தலைக்குக் குளித்தேன், ஆட்டுக்கறியை அறுத்துவிட்டு! சுத்தம் போதாதது என் கையா, அவர் பேச்சா?

சீரம் கேட்டிருக்கிற பெங்களூர் லேபுக்கு அந்தக் குப்பியைப் பசு என்று அனுப்பமாட்டேன் என்றேன். அப்படியானால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்றார்.

மார்ச் 20

வேறு வழிகாட்டி எங்கே இருக்கிறார்? அப்பாவிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தார். கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

எங்கள் பசு செவலை கன்று போட்டுவிட்டுச் செத்துப்போனது. கன்று இருக்கிறது. தோட்டத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டு அப்பா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“அம்மிணி, உனக்கு வேணும்னா அதை எடுத்துக்க. மிச்சத்தப் பொதச்சுப்போடலாம்.”

நான் கேட்கவேயில்லை. அழுதுகொண்டே இதயத்தை எடுத்தேன். பால் கேனில் ஐஸ் போட்டு, பாலக்காட்டு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

லேபில் சார் இருந்தார். எங்கள் வீட்டுப் பசு, பிரசவத்தில் போய்விட்டது என்றேன். கேனையே பார்த்தார். திட்டுவார் என்று பதிலோடு நின்றேன். லேப் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 12

புது முயலுக்கு முதல் ஊசி. சார் இந்த ரூம் பக்கமே வருவதில்லை. வராமலே இருக்கட்டும்.

ஜூலை 22, வெள்ளி

கோடு சேர்ந்துவிட்டது. இந்தக் கோடு எங்கே முடிகிறது, அந்தக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

சார் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பாராட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கன்றுக்குட்டி பிழைத்ததா என்று மட்டும் கேட்டார். பிழைத்தது என்றேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சாயங்காலம் புதுச் சீரத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பழைய குப்பிகள் எல்லாவற்றிலும் பசு என்ற எழுத்து அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆடு, ஆடு, ஆடு என்று சாருடைய கையெழுத்து.