டயாலிசிஸ் செயலியில் சாவியாக இருக்கும் என் பெயரை எடுக்கக் கோரி

அனுப்புநர்:
குளோரியா அமல்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
தகவல் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
டயாலிசிஸ் மையங்கள் ஒருங்கிணைப்பு அலுவலகம்,
பெங்களூரு.

பொருள்: வேலையை விட்டு ஏழு மாதம் கடந்தும் வலைச் செயலி என் கணக்கிலேயே தரவுக் கிடங்கைத் திறப்பது, செய்யாத குற்றத்துக்கு எனக்கு நோட்டீஸ் வந்திருப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

கன்னடத்தில் இரண்டு முறை எழுதினேன்; பதில் இல்லை. தாங்கள் கோலார் தங்கவயல்காரர் என்று கேள்விப்பட்டு இம்முறை தமிழிலும் எழுதுகிறேன். புரியவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

1. 28.2.2025 வரை தங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்தேன். பதினொரு மையங்களின் நோயாளிப் பதிவுகளும் கிளவுடில் ஒரே தரவுக் கிடங்கில் உள்ளன. யாருக்கு எந்த ஷிப்ட், எந்த மெஷின், போன வாரம் ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதை நர்ஸ்கள் வலைச் செயலியில் பார்க்கிறார்கள். செயலியைக் கிடங்கோடு இணைத்தவள் நான்.

2. முதல் தவறும் என்னுடையதே. இப்படிப்பட்ட இணைப்புக்கு எந்த ஆளின் பெயரிலும் இல்லாத, செயலிக்கென்றே தரப்படும் சர்வீஸ் அக்கவுண்ட் வேண்டும். அதற்கான படிவத்தில் மூன்று கையெழுத்து தேவை. மூன்றாவது கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தார். செயலியின் திறப்பு விழா அழைப்பிதழோ அச்சாகிவிட்டது. ஆகவே என் சொந்தக் கணக்கைப் போட்டு இணைத்தேன். "ரெண்டு வாரத்துல மாத்திக்கலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

3. பிரசவத்துக்காக விலகினேன். மார்ச் 3 காலை என் கணக்கை முடக்கினார்கள். பதினொரு மையங்களிலும் திரை வெறுமையானது. ஒரு மணி நேரத்துக்குள் அதே கணக்கை, என்னைக் கேட்காமலே, மறுபடி திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் செயலி புதிதாகத் தொடங்கும்போது நுழைவது நான்தானா என்று என் கைபேசிக்கு அனுமதி கேட்டுச் செய்தி வருகிறது; அதில் 'சரி' என்று அமுக்கினால்தான் செயலி திறக்கும். தாமதமானால் ஹெப்பகோடி மையத்தின் கணினிப் பொறுப்பாளர் தியோடர் கூப்பிடுகிறார்: "மேடம், ஒரே ஒரு தடவ அமுக்கிடுங்க, பேஷண்ட்ஸ் எல்லாம் வெயிட் பண்றாங்க." முப்பத்திரண்டு திங்கட்கிழமை அமுக்கியிருக்கிறேன். மே 26 அன்று பிரசவ அறையில் வலிக்கு நடுவே அமுக்கினேன். நர்ஸிடம் வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை.

4. 7.8.2025 காலை 11.20-க்குக் கிடங்கிலிருந்து எல்லா நோயாளிகளின் தொலைபேசி எண்களும் மொத்தமாக எடுக்கப்பட்டுள்ளன. மறு வாரமே அவர்களுக்கு மருந்து விற்பவர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். கிடங்கின் பதிவேட்டில் என் பெயர் இருப்பதால் பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்துள்ளது. ஐயா, அந்தச் செயலி வழியாக நர்ஸ் நுழைந்தாலும் மேலதிகாரி நுழைந்தாலும் கிடங்கில் பதிவாவது குளோரியா என்றுதான். அந்த நேரத்தில் நான் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்குக் கோபமாக இருக்கிறது. நோயாளிகளின் நம்பரை விற்றவள் என்ற பெயரோடு என் மகளை நான் வளர்க்க மாட்டேன்.

5. ஆகவே கேட்பது இவ்வளவுதான். முதலில் சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கிச் செயலியை அதற்கு மாற்றுங்கள். அதன் பிறகே என் கணக்கை மூடுங்கள். முன்பின் மாறினால் மார்ச் 3 திரும்பவும் நடக்கும். செயலிக்குள் யார் யார் லாகின் செய்தார்கள் என்பது செயலியின் சொந்தப் பதிவில் இருக்கிறது. அன்று 11.20-க்கு உள்ளே இருந்தவர் யார் என்று அங்கே பாருங்கள். பார்த்துவிட்டு நோட்டீஸை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள்.

6. செயலியின் நிரலில் மாற்ற வேண்டியது நான்கு வரி. ஆள் இல்லை என்றால் 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை குழந்தையோடு வந்து நானே மாற்றித் தருகிறேன். மூன்றாவது கையெழுத்தை மட்டும் தயாராக வையுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை அனுமதி தர மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. முதல் ஷிப்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஊசி குத்திக்கொள்ளக் காத்திருப்பார்கள்; அவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதனால் மாற்றம் நடக்கும்வரை அமுக்குவேன். ஆனால் அமுக்கும் ஒவ்வொரு முறையும், "இன்று என் பெயரில் உள்ளே போனது தங்கள் அலுவலகம், நான் அல்ல" என்று தங்களுக்குப் பதிவுத் தபால் வரும். ஒரு வாரம்கூட விடமாட்டேன்.

இப்படிக்கு,
குளோரியா அமல்
(ஒப்பம்)

இடம்: பெங்களூரு
நாள்: 8.10.2025

இணைப்பு: நோட்டீஸ் நகல், தடுப்பூசி அட்டை நகல், முப்பத்திரண்டு அனுமதிக் கோரிக்கைகளின் ஸ்கிரீன்ஷாட் பிரதிகள், இம்மனுவின் கன்னட வடிவம்.