பத்து மணிச் சோறு

ஜனவரி 20, திங்கள்

சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டயாபடீஸ் எஜுகேட்டர் தேர்வுக்குப் பத்து நோயாளிகளின் கேஸ் ரெக்கார்டு வேண்டும். ஒன்பது முடிந்தது. பத்தாவது, காவாந்தண்டலம் செல்லாயி அக்கா. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள மூன்றே நாளில் கற்றுக்கொண்டார். 380 இருந்த சர்க்கரை இப்போது 170. பிப்ரவரி எட்டாம் தேதி சென்னையில் வைவா, வாய்மொழித் தேர்வு. இந்தக் கிளினிக்கில் பதினோரு வருஷமாகக் கட்டுக் கட்டுகிற இந்த நர்ஸ் சோபியா பேருக்குப் பின்னாலும் நாலு எழுத்து வரட்டுமே!

ஜனவரி 25, சனி

பாடம் ஏறவில்லை. டீ நாலு. தலைவலி.

ஜனவரி 29, புதன்

செல்லாயி அக்காவை ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடவு நட்டுக்கொண்டிருந்தவர் மயங்கிச் சேற்றில் குப்புற விழுந்துவிட்டார். மூக்கெல்லாம் சேறு. சர்க்கரை வெறும் 34. குளுக்கோஸ் ஏற்றி, கண் திறக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

"இன்னாத்த கத்துக்குடுத்த நீ? பக்கத்துல ஆளு இல்லாங்காட்டி எங்கம்மா பொணம்!" அவர் மகள் அம்முலு கத்தினாள்.

"அளவு சரிதான். பேஷண்ட் சாப்பிடலை, அப்படியே எழுதிடு" என்றார் டாக்டர் பாண்டுரங்கன்.

ஜனவரி 30, வியாழன்

அக்கா வீட்டுக்குக் கிளம்பும் முன், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "நீ சொன்ன மாரியே ஆறு மணிக்கு குத்திக்கினு போனேன். அரை மணில துன்னுன்னு சொன்ன. வரப்புக்கு பத்து மணிக்குத்தான சோறு வரும்?"

ஐயோ. போன வாரம்வரை அக்காவுக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்தார், நேரத்துக்குச் சாப்பிட்டார். நடவு தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அட்டையில் 'காலை 6' என்று எழுதியது இந்தக் கைதான், புத்தகத்தைப் பார்த்து. எங்கம்மாவும் மானாம்பதில நாத்து நட்டவதான். பத்து மணிக்கு முன்னாடி அது ஒரு வாய் சோறு தின்னு நான் பாத்ததில்ல. படிச்சிக் கிழிச்சேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அக்கா ஊசியை நிறுத்திவிட்டார். போன் பண்ணினேன். "சக்கரைன்னா பத்து வருசம் தாங்குவேன். உன் ஊசி ஒரே காலைல ஆளத் தூக்கிடும் போல கீது. வேணாம் தாயே." வைத்துவிட்டார்.

"வேற கேஸ் போடு. இதை எழுதினா உன்னைத்தான் ஃபெயில் பண்ணுவாங்க" என்கிறார் டாக்டர். நிஷா டீச்சர் என்று இன்னொரு பேஷண்ட் கேஸ் இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு. போட்டால் யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 4, செவ்வாய்

அக்கா கேஸையே எழுதிவிட்டேன். 'தவறு: கற்றுக்கொடுத்தவருடையது.' கர்த்தரே, பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

வைவாவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஒன்பதையும் புரட்டக்கூட இல்லை. நடுவில் இருந்த மேடம் கேட்டது ஒன்றுதான்.

"இப்போ அவங்க இன்சுலின் போட்டுக்கிறாங்களா?"

"இல்ல மேடம்."

பேனாவை மூடினார்.

மார்ச் 3, திங்கள்

பாஸ்! டாக்டர் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார், அதுவும் சர்க்கரை டாக்டர். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அக்கா ஒரு மாசமா ஊசி இல்லாம இருக்காங்க, எனக்கு இன்னா பட்டம்?

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் அளவையும் நேரத்தையும் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு காவாந்தண்டலம் போனேன். கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பாதியாக இளைத்திருந்தார்.

"இன்னா, இங்கயும் வந்துட்டியா?"

விரலைக் கேட்டேன். நீட்டினார். சர்க்கரை 396.

பத்து மணிக்கு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து சோற்று வாளி வந்தது. "காலைல வூட்ல வேணாம்க்கா. இங்க போட்டுக்கினு உடனே சாப்டுங்க" என்றேன்.

"இத்தினி ஆம்பளைங்க முன்னால பொடவைய வெலக்கி எங்க குத்துறது?"

அம்முலு ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பெண்கள் சேற்றுக் காலோடு வந்து சுற்றி நின்றார்கள். நான் ஊசியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"மொதல்ல அந்த வாளியத் தொற" என்றார். "சோறு கீதான்னு பாத்துட்டு குத்திக்கிறேன்."